துணை டீசல் டேங்க் பொருத்திய பிக்கப்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைக் கண்டறிதல்

பிக்கப்பின் சரக்குத் தளத்தில் துணை டீசல் டேங்க் ஒன்றை ஏற்றி, அதிலிருந்து ஒரு ஹோஸை இறக்கி, வண்டியோடு வந்த மெயின் டேங்குடன் இணைப்பது ஒரு பகலில் முடிந்துவிடும் வேலை. அதன்பின் வரும் தொல்லைகள்தான் வாரக்கணக்கில் இழுக்கும், ஏனெனில் பழுது கண்ணில் படும் இடம் ஒன்றாகவும் அது பிறக்கும் இடம் வேறொன்றாகவும் இருக்கும். டீசல் அளவு காட்டும் முள் இறங்கவில்லை என்று டேஷ்போர்டைக் கழற்றியவர், கடைசியில் டேங்க் மூடியின் அடியில் காரணத்தைக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய வண்டிகளில் டீசல் போகும் வழியைத் தேடுவதற்கு முன் காற்று போகும் வழியைத் தேட வேண்டும் என்பது என் வழக்கம். துணை டேங்கிலிருந்து ஒரு லிட்டர் டீசல் வெளியேற வேண்டுமானால், ஒரு லிட்டர் காற்று அதற்குள் நுழைந்தாக வேண்டும்; மெயின் டேங்கில் அந்த ஒரு லிட்டர் இடம்பிடிக்க வேண்டுமானால், அங்கிருந்து ஒரு லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். இந்த இரண்டு காற்று வழிகளில் எது அடைபட்டாலும், அல்லது எது அளவுக்கு மீறித் திறந்திருந்தாலும், கீழே வரும் அறிகுறிகளில் பாதி தோன்றிவிடும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த அமைப்பு

மூன்று வகை அமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வகையில் துணை டேங்கின் அடியிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, மெயின் டேங்கின் ஃபில்லர் ஹோஸில் (டீசல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ்) வைத்த டீ (T வடிவ) இணைப்பில் சேர்கிறது. டீசல் தன் எடையாலேயே இறங்குகிறது. இரண்டாவது வகையில் அதே பாதையில் 12 வோல்ட் பம்ப் ஒன்று அமர்ந்து, சுவிட்ச் அல்லது கன்ட்ரோலர் சொல்லும்போது மட்டும் டீசலைத் தள்ளுகிறது. மூன்றாவது வகையில் செலக்டர் வால்வு ஒன்று எஞ்சினுக்குப் போகும் லைனையே ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது. முதல் இரண்டு வகைகளில் எஞ்சின் எப்போதும் மெயின் டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. மூன்றாவதில் அது நேரடியாகத் துணை டேங்கிலிருந்தும் குடிக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பழுது தேடினால், இல்லாத இடத்தில் தேட நேரிடும்.

ஒவ்வொரு டேங்கின் வெளியேறும் வாயிலிலும் கையால் மூடக்கூடிய வால்வு ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறெதையும் தொடுவதற்கு முன் அதைப் பொருத்துங்கள். பின்வரும் சோதனைகளில் பல அந்த வால்வை நம்பியே நடக்கின்றன.

டீசலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 52 முதல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பதால், பெட்ரோலைப் போல அறை வெப்பத்தில் ஆவி பற்றிக்கொள்ளாது. ஆனால் சூடான சைலன்சரின் மேல் சிந்திய டீசலும், துணியில் ஊறிய டீசலும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். வயரிங்கில் கைவைக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஹை பிரஷர் பைப்புகளை ஓட்டத்திலிருக்கும்போது தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை முற்றிலும் மறந்துவிடுங்கள். அங்கே அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். ஊசிமுனை அளவு கசிவே தோலைத் துளைத்து உள்ளே டீசலை ஏற்றிவிடும், அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம்.

அறிகுறி: துணை டேங்க் நிறைந்திருக்கிறது, ஆனால் மெயின் டேங்குக்கு டீசல் இறங்கவில்லை

எடையால் இறங்கும் அமைப்பில் அதிகம் வரும் புகார் இதுதான். வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், கால்வாசிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். திறந்திருந்தால், துணை டேங்கின் மூடியைக் கழற்றிக் காதை அருகில் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்த கணத்தில் காற்றை உறிஞ்சும் "ஸ்ஸ்" என்ற ஒலி கேட்டால், அல்லது உள்வாங்கியிருந்த தகடு "டப்" என்று நிமிர்ந்தால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகியிருக்கிறது என்று பொருள், வென்ட் (டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய்) அடைபட்டிருக்கிறது. மூடி திறந்த நிலையில் டீசல் சீராக இறங்கத் தொடங்கினால் சந்தேகமே இல்லை.

வென்ட் ஏன் அடைபடுகிறது என்பதற்கு நான் கண்ட காரணங்கள் பலவகை. ஒரு வண்டியில் வென்ட் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து மிக ஒழுங்காகப் பொருத்தியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அதே வண்டி டீசல் இறங்கவில்லை என்று திரும்பி வந்தது. ஹோஸ், வால்வு, டீ இணைப்பு என எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து அரை நாளைத் தொலைத்த பிறகு, கடைசியாக வென்ட் வாயில் ஒரு கம்பியை விட்டேன். காய்ந்த மண் உருண்டை ஒன்று உதிர்ந்து விழுந்தது. உள்ளே விரல் நீளத்துக்குக் குளவிக் கூடு. அன்றிலிருந்து வென்ட் வாயில் நுண்ணிய எஃகு வலைத் துண்டு ஒன்றை மாட்டாமல் நான் வண்டியை அனுப்புவதில்லை. சேறு, பெயிண்ட், மூடியின் வாசரில் தடவிய சீலன்ட் பிதுங்கி வழிவது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். வண்டி கவிழ்ந்தால் டீசலை நிறுத்தும் ரோல்-ஓவர் வால்வை வென்ட்டில் சாய்வாகப் பொருத்திவிட்டால், உள்ளிருக்கும் குண்டு நகர்ந்து வழியை மூடிவிடுவதும் உண்டு. அது செங்குத்தாக நிற்க வேண்டிய பொருள்.

துணை டேங்கின் மூடியைத் திறந்தும் இறங்கவில்லையென்றால், மறுமுனைக்குப் போக வேண்டும். மெயின் டேங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாய் மடிந்திருக்கிறதா, துணை டேங்கை இறக்கியபோது தளத்துக்கும் சேசிஸுக்கும் இடையில் நசுங்கியிருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். சோதிக்க எளிய வழி உண்டு: துணை டேங்க் வாயிலில் உள்ள வால்வை முதலில் மூடிக்கொண்டு மெயின் டேங்கின் மூடியைத் திறந்து, பின் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, டீ இணைப்பில் ஓட்டம் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இதை மெயின் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். நிறைந்திருக்கும்போது செய்தால், மேலே நிற்கும் டீசல் முழுவதும் தன் மட்டத்தைத் தேடி ஃபில்லர் வாய் வழியாக வெளியே பாயும்.

இரு பக்கமும் காற்று வழி சரியாக இருந்தும் ஓட்டம் இல்லையென்றால், ஹோஸ் போகும் பாதையைப் பாருங்கள். ஹோஸ் வால்விலிருந்து டீ வரை தொடர்ந்து இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று குமிழாக நின்றுவிடும். எடையால் மட்டும் இறங்கும் டீசலுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் இருக்காது. ஹோஸைச் சட்டத்தின் அடிவழியே திருப்பிவிட்டால் ஏர் லாக் தீரும். கூர்மையான வளைவில் ஹோஸ் மடிந்து உட்சுவர்கள் ஒட்டிக்கொள்வதும், கூலன்ட்டுக்கான ஹோஸை டீசலுக்குப் போட்டதால் உட்பக்க ரப்பர் ஊதிப் பாதை சிறுத்துவிடுவதும் நடக்கும். இப்படி ரப்பர் ஊதுவது முதல் மாதத்தில் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு முனையைக் கழற்றி உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாகவும் மிருதுவாகவும் இருந்தால் முழு ஹோஸையும் மாற்றி, எரிபொருளுக்கென்றே தயாரித்த நைட்ரைல் ரப்பர் ஹோஸைப் போடுங்கள்.

அறிகுறி: பம்ப் ஓடவில்லை, அல்லது ஓடுகிறது ஆனால் டீசல் வரவில்லை

சுவிட்சைப் போட்டதும் ஒலியே இல்லையென்றால் பிரச்சினை மின்சாரத்தில். ஃப்யூஸைப் பாருங்கள், எரிந்திருந்தால் பெரிய ஃப்யூஸைப் போடும் யோசனையைக் கைவிட்டு, வயர் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ரிலேவுக்கு (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் பம்புக்கான மின்சாரத்தைத் திறந்துவிடும் பாகம்) வாருங்கள். 30ஆம் முனையில் பேட்டரி மின்னழுத்தம் எப்போதும் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் 85, 86 முனைகளுக்கிடையே 12 வோல்ட் வந்து, ரிலே "டிக்" என்று ஒலித்து, 87ஆம் முனையில் மின்சாரம் தோன்ற வேண்டும். எந்த இடத்தில் இந்தத் தொடர் அறுந்து நிற்கிறதோ, அதற்கு முந்தைய இணைப்பில் பழுது இருக்கிறது.

மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியும் பம்ப் ஓடாததைக் கண்டு பலர் பம்பைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மீட்டர் மட்டும் இணைந்திருக்கும்போது மின்னோட்டம் அநேகமாக இல்லை என்பதால், துருப்பிடித்த இணைப்பும் முழு மின்னழுத்தத்தையே காட்டும். பம்பை இணைத்தபடியே, சுவிட்ச் போட்ட நிலையில் அளந்து பாருங்கள். பம்பின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். சரக்குத் தளத்தின் பெயிண்ட்டுக்கு மேலேயே எர்த் வயரை முறுக்கிய வண்டிகள் எத்தனையோ; பெயிண்ட்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் பல்வாசர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் வேலை முடிந்தது.

பம்ப் ஓடும் ஒலி கேட்டும் டீசல் வராவிட்டால், அம்புக்குறியின் திசையைச் சரிபாருங்கள். அது சரியென்றால் பம்புக்கு முன்னால் உள்ள வலை வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள். இவ்வகைப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, உறிஞ்சுவதில் அவ்வளவாக இல்லை. ஆகவே அவை டேங்குக்கு அருகிலும், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழேயும் அமர வேண்டும். வண்டியின் முன்பக்கத்தில் மாட்டிய பம்ப் காலியான ஹோஸை நிரப்பவே திணறும். டீசலே மசகாகவும் குளிர்விப்பானாகவும் இருப்பதால், உலர்ந்து ஓடும் பம்ப் விரைவில் கருகும்.

மெதுவாக வருகிறது என்பது எப்போதும் பழுதாகாது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும் பம்ப் 70 லிட்டரை மாற்ற 35 நிமிடம் எடுக்கும். அது அதன் இயல்பு. ஒரு அளவுக் குடுவையில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்த எண் பாதியானால் அப்போது வடிகட்டியைத் தேடலாம்.

அறிகுறி: மெயின் டேங்கின் மூடி வழியாக டீசல் வழிகிறது

இது தொல்லையாக மட்டும் நிற்காது. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் சாலையில் வழுக்கி விழக் காரணமாகும். ஆகவே வழிவதைக் கண்ட கணத்தில் துணை டேங்கின் வால்வை மூடிவிட்டு, அதன் பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

எடையால் இறங்கும் அமைப்பின் அடிப்படையை இங்கே நினைவுகூர வேண்டும். துணை டேங்கின் டீசல் மட்டம் மெயின் டேங்கின் மூடியைவிட உயரத்தில் இருக்கிறது. வழி திறந்திருக்கும்வரை அது தன் மட்டத்தைத் தேடி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்துவது மெயின் டேங்கிலுள்ள காற்று வெளியேற வழியில்லாத நிலைதான். அதற்கு இறுக்கமாக மூடும் மூடியும், டீசல் வந்து தொட்டதும் அடைத்துக்கொள்ளும் வென்ட் வால்வும் தேவை. மூடியின் வாசர் வெடித்திருந்தாலோ, காற்றைக் கசியவிடும் மூடியைப் போட்டிருந்தாலோ, மெயின் டேங்கின் வென்ட்டில் தடுப்பு வால்வே இல்லாமலிருந்தாலோ டீசல் வெளியேறத்தான் செய்யும். வாசரை மாற்றுவது, சரியான மூடியைப் போடுவது, வென்ட்டில் மிதவை வால்வு சேர்ப்பது என்ற வரிசையில் செல்லுங்கள்.

டீசல் நிரப்பும் நேரத்தில் மட்டும் பீறிட்டு வழிகிறதா? துணை டேங்கின் வால்வைத் திறந்து வைத்தபடியே மெயின் டேங்கின் மூடியைத் திறக்கிறீர்கள். மூடியின் மேல் பெரிய எழுத்தில் "முதலில் வால்வை மூடுக" என்று எழுதி ஒட்டுவதே இதற்குத் தீர்வு, ஏனெனில் வண்டியை எப்போதும் நீங்களே ஓட்டப்போவதில்லை.

வெயிலில் நிறுத்திய பின் மட்டும் வழிந்தால் காரணம் வெப்ப விரிவு. டீசல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஆயிரத்தில் 0.83 பங்கு அளவில் விரிகிறது. 200 லிட்டர் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டு வண்டி 20 டிகிரி கூடுதல் வெப்பத்தில் நின்றால், 3 லிட்டருக்கும் மேற்பட்ட டீசலுக்கு இடம் தேவைப்படும். இரு டேங்குகளிலும் 5 சதவீதம் காலி இடம் விட்டு நிரப்பும் பழக்கம் இதை அடியோடு நிறுத்தும்.

பம்ப் வைத்த அமைப்பில் இன்னொரு வஞ்சகமான காரணம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் டீசல் சைஃபன் முறையில் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். நின்றுபோன பம்ப் எல்லா வகையிலும் வழியை அடைப்பதில்லை. இரவு முக்கால் டேங்கில் நிறுத்திய வண்டி காலையில் முழு டேங்கைக் காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் சோலனாய்டு வால்வு ஒன்றைப் பம்புக்குப் பின்னால் வைத்து, பம்பின் வயரோடு இணையாக இணைத்துவிடுங்கள்; பம்ப் ஓடினால் திறக்கும், நின்றால் மூடும். கையால் சுவிட்ச் போடுபவர்கள், முள் பாதிக்கு வந்த பிறகு தொடங்கி முக்காலில் நிறுத்துவதோடு, கைப்பேசியில் அலாரமும் வைத்துக்கொள்வது நல்லது. பம்பை மறந்துவிட மாட்டேன் என்பவரே முதலில் மறப்பவர்.

அறிகுறி: முள் தவறாகக் காட்டுகிறது, அல்லது எச்சரிக்கை விளக்கு எரிகிறது

மெயின் டேங்கின் முள் பல நூறு கிலோமீட்டர் ஓடியும் இறங்காமல் நின்றால், எடையால் இறங்கும் அமைப்பில் அது இயல்பு. துணை டேங்க் காலியாகும்வரை மெயின் டேங்க் நிறைந்தேயிருக்கும். ஆனால் வண்டியின் கணினிக்கு இது தெரியாது. இவ்வளவு தூரம் ஓடியும் அளவு மாறவில்லையே என்று கருதி, சில வண்டிகள் பி0461 போன்ற டேங்க் அளவு சென்சார் குறியீட்டை எழுப்பும். சென்சாரை மாற்றிப் பயனில்லை. வால்வை மூடி மெயின் டேங்கை அரைவாசிக்கு இறக்கிவிட்டு, அதன்பின் திறந்து நிரப்பும் முறையில் ஓட்டிப் பாருங்கள். முள் ஏறி இறங்கத் தொடங்கியதும் புகார் நின்றுவிடும்.

துணை டேங்குக்கெனத் தனி மீட்டர் வைத்திருந்து, அது நிறைந்த டேங்கைக் காலி என்றும் காலி டேங்கை நிறைந்தது என்றும் தலைகீழாகக் காட்டினால், சென்சாரும் மீட்டரும் வெவ்வேறு குடும்பம். காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் காட்டும் சென்சார்கள் ஒரு வகை. காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம் காட்டுபவை இன்னொரு வகை. சென்சாரின் இரு வயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்து, மிதவையை மேலும் கீழும் அசைத்தால் எது உங்களுடையது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். இரண்டில் ஒன்றை மாற்றுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அறிகுறி: ஒரு டேங்கில் ஓட்டினால் இன்னொரு டேங்க் நிறைகிறது

இது செலக்டர் வால்வு அமைப்புக்கே உரியது. டீசல் எஞ்சின் தனக்கு வரும் டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. பம்பையும் இன்ஜெக்டர்களையும் குளிர்வித்து மசகிட்ட மீதி டீசல் ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்புகிறது, அதன் அளவும் கணிசமானது. சப்ளையை மட்டும் மாற்றிவிட்டு ரிட்டர்னை மாற்றாமல் விட்டால், துணை டேங்கிலிருந்து எடுத்த டீசல் மெயின் டேங்கில் போய் விழும். மெயின் டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் சாலையில் வழியும். இதை உறுதிசெய்ய, துணை டேங்கின் நிலையில் எஞ்சினை ஓடவிட்டு இரு டேங்குகளின் ரிட்டர்ன் குழாய்களையும் மாறிமாறித் தொட்டுப் பாருங்கள். திரும்பும் டீசல் சூடாக இருப்பதால், எந்தக் குழாய் வெதுவெதுப்பாகிறதோ அங்கேதான் அது போகிறது. சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் ஒருசேர மாற்றும் ஆறு வாய் வால்வைப் போடுவதே சரியான மருந்து. ஆறு வாய் வால்வு ஏற்கெனவே இருந்தும் இப்படி நடந்தால், இரு ரிட்டர்ன் ஹோஸ்களும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கும், அல்லது உள்ளிருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருக்கும்.

அறிகுறி: எஞ்சின் திணறுகிறது, இழுவை குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

பழியைத் துணை டேங்கின் மேல் போடுவதற்கு முன் அது குற்றவாளிதானா என்று பாருங்கள். வால்வை மூடி, டீசல் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, மெயின் டேங்கில் மட்டும் இரண்டு நாள் ஓட்டுங்கள். தொல்லை மறைந்தால் காரணம் துணை டேங்கின் பக்கம். மறையாவிட்டால் மெயின் டேங்கில் ஏற்கெனவே அழுக்கு இறங்கியிருக்கலாம், அல்லது பழுது வேறெங்கோ இருக்கிறது.

பொருத்திய முதல் சில நாள்களில் திணறல் தொடங்கினால் புது டேங்கின் அழுக்கை நினையுங்கள். டேங்க் செய்த இடத்தில் விழுந்த உலோகத் துருவல், வெல்டிங் கசடு, ஃபில்லர் ஹோஸை அறுத்தபோது உள்ளே விழுந்த ரப்பர் துணுக்கு எல்லாம் ஒருநாள் கீழே இறங்கும். திருகு இணைப்புகளில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நூலிழைகள் இவற்றிலெல்லாம் மோசமானவை, ஏனெனில் அவை கிழிந்து மிதந்து வால்வுகளில் சிக்கிக்கொள்ளும். டீசலுக்கு ஏற்ற திரவ சீலன்ட்டை, முதல் இரண்டு திருகு வரிகளை விட்டுவிட்டுத் தடவுங்கள். சாதாரண சிலிக்கோன் சீலன்ட் டீசலில் ஊறிப் பெயர்ந்துவிடும்.

சில மாதங்கள் கழித்துத் தொடங்கினால் தண்ணீரையும் டேங்கின் உலோகத்தையும் சந்தேகியுங்கள். துணை டேங்கின் அடி வடிகால் திருகைத் தளர்த்தி அரை லிட்டரைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். நல்ல டீசல் ஒளி ஊடுருவத் தெளிந்து நிற்கும். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர். தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் கரும்பழுப்புச் சளி போல ஒன்று தொங்கினால் அங்கே நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன, டேங்கை முழுவதும் காலிசெய்து கழுவித் துடைத்தாக வேண்டும். டேங்க் துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் கழுவியும் பயனில்லை: துத்தநாகமும் தாமிரமும் டீசலோடு வினைபுரிந்து பிசினையும் சோப்பு போன்ற படிவையும் உண்டாக்கும். அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, பூச்சில்லாத எஃகு ஆகியவையே ஏற்றவை. இணைப்புக் குழாயில் தாமிரம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

செலக்டர் வால்வு அமைப்பில் துணை டேங்கின் நிலையில் மட்டும் திணறல் வந்தால், லைனில் ஏர் பிடிக்கிறது. உறிஞ்சும் பக்கத்து வெடிப்பிலிருந்து டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே வெளியே காய்ந்த ஹோஸைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபில்டருக்கு முன் ஒரு சாண் நீள ஒளிபுகும் ஹோஸைத் தற்காலிகமாகச் சேர்த்து எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்வாங்கி, கிளாம்ப்பை இறுக்கியும் மாற்றியும் குமிழி நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். லைன் காலியான எஞ்சினைத் தொடர்ந்து செல்ஃப் அடித்து உயிர்ப்பிக்க முயலாதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு, அது இல்லாமல் சுழன்றால் உள்ளே சிராய்த்துக்கொண்டு, உதிரும் துகளை இன்ஜெக்டர்கள் வரை அனுப்பும். கை பம்ப்பால் ஏரை எடுத்து, ஃபில்டர் நிறைந்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

அறிகுறி: டீசல் வாடை

வாடை கேபினுக்குள் வந்தால் துணை டேங்கின் வென்ட் வாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். தளத்தின் மேல் மூடி போட்டிருந்து வென்ட் அதற்குள்ளேயே திறந்தால், ஆவி பின்கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வரும். வாயை வெளியே, சைலன்சருக்கு எட்டாத தொலைவில் கொண்டுபோக வேண்டும். புகைப் பாதையிலுள்ள துகள் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்யும் வேளையில் அதனுள் வெப்பம் 600 டிகிரி அளவுக்கு ஏறுவதால், வென்ட்டையும் ஹோஸையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாமலிருப்பது நல்லது.

கசிவைக் கண்ணால் தேடுவது வீண், ஏனெனில் டீசல் பரப்பு முழுவதும் பரவி எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிடும். இணைப்புகளைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே முகப்பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வெண்பொடியில் கருத்த ஈரக்கோடு எந்த விளிம்பில் தொடங்குகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் அது சென்சார் தட்டின் கேஸ்கெட்டாகவோ, டீ இணைப்பின் மேல் கிளாம்ப்பாகவோ இருக்கும்.

அறிகுறி: பிரேக் போடும்போது பின்னால் இடி, அல்லது டேங்கின் மூலையில் வெடிப்பு

200 லிட்டர் டீசல் ஏறத்தாழ 168 கிலோ. டேங்கின் எடை இதோடு தனியாகச் சேரும். பாதி நிறைந்த டேங்கில் இந்தச் சுமை பிரேக்கின்போது முன்னே பாய்ந்து சுவரை மோதும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத டேங்கில் இடி கேட்பது இயல்பு. அதற்கு வெளியிலிருந்து செய்யக்கூடிய மருந்து எதுவும் இல்லை, தடுப்புள்ள டேங்காக மாற்ற வேண்டும். தடுப்பு இருந்தும் ஒலித்தால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். தளத்தின் மெல்லிய தகட்டில் மட்டும் பிடித்திருக்கும் போல்ட் நாளடைவில் துளையைப் பெரிதாக்கிவிடும். அடியில் கனமான எஃகுப் பட்டை வைத்து, டேங்குக்கும் தளத்துக்கும் இடையில் ரப்பர் பட்டை கொடுத்து, தானே தளராத நட்டால் இறுக்குங்கள். புதுத் துளை போடும் முன், நேர் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மெயின் டேங்கின் கூரையில் துளைபோட்ட கதைகள் உண்மையானவை. ரப்பரும் பிளாஸ்டிக் விரிப்பும் டேங்கைச் சேசிஸிலிருந்து மின்சார ரீதியாகத் துண்டித்துவிடுவதால், டீசல் நிரப்பும்போது நிலைமின் பொறி எழாமலிருக்க டேங்கிலிருந்து சேசிஸுக்கு ஓர் எர்த் பட்டையும் போட வேண்டும்.

வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் டேங்கைக் கழற்றி இறக்கிவிடுங்கள். டீசலை வடித்துவிட்டோம், தண்ணீரும் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று சொல்லி அதன் மேல் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். மடிப்புகளிலும் தடுப்புகளின் பின்னாலும் ஒட்டியிருக்கும் டீசல், வெல்டிங் சூட்டில் ஆவியாகி டேங்கை வெடிகுண்டாக மாற்றும். உள்ளே மந்த வாயு நிரப்பி, ஆவி அளவை மீட்டரால் அளந்து, அதையே தொழிலாகச் செய்பவர்கள் மட்டுமே தொடக்கூடிய வேலை அது. ஒட்டுப்பசை அடுத்த நிரப்பு வரை தாங்கலாம், வண்டியின் குலுக்கலைத் தாங்காது. சரிசெய்த அல்லது புதிதாக வாங்கிய டேங்கை மாட்டியதும், 20 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒருமுறை முன்சாய்விலும் ஒருமுறை பின்சாய்விலும் ஒரு மணி நேரம் நிறுத்தி, அடியில் அட்டையை விரித்துச் சொட்டு விழுகிறதா என்று பார்த்த பிறகே முழுதாக நிரப்புங்கள்.